ஒன்று சரி, இரண்டு சரி

முதல் தடவையா அக்கா? கண்டக்டரிடம் ஜெயில் ஸ்டாப் என்று கேட்கும்போது குரலை இறக்கினீர்களே, அதனால்தான் கேட்டேன். மடியில் இருக்கிற தூக்குவாளியும் காட்டிக்கொடுத்துவிட்டது. புளியோதரையா? வாசம் வருகிறது. அதை உள்ளே விடமாட்டார்கள். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் விடுவார்கள். பழம் விடுவார்கள். வீட்டில் செய்தது எதையும் விடமாட்டார்கள். வருத்தப்படாதீர்கள். நான் முதல் தடவை அதிரசம் கொண்டுபோனேன். வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்புகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து ஆறையும் நானே தின்றேன்.

நானும் அங்கேதான் இறங்குகிறேன். கூடவே வாருங்கள், மனு எழுதிக் கொடுக்கிற இடத்தைக் காட்டுகிறேன். ஆதார் அட்டை எடுத்துவந்தீர்களா? சரி, நல்லது.

உள்ளே இருப்பது மகனா, தம்பியா? சொல்ல வேண்டாம், விடுங்கள். நானே யாரிடமும் சொல்வதில்லை. எங்கள் தெருவில் கேட்டால் என் வீட்டுக்காரர் மகாராஷ்டிராவில் லாரி ஓட்டுகிறார். பக்கத்து வீட்டம்மா, "அங்க மழையா செம்பகம்?" என்று அக்கறையாக விசாரிக்கும். நான் செல்போனில் அந்த ஊர் மழையைப் பார்த்துவிட்டுச் சொல்வேன். இதை ஒரு வருஷமாகச் செய்கிறேன். அந்த ஊர் வெயில் மழையெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம்.

உங்களிடம் சொல்வதற்கு என்ன, இறங்கியதும் நீங்கள் யாரோ, நான் யாரோ.

எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் படபடப்பாகத்தான் இருக்கிறது. இரண்டு வாரமாக அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பார்க்கப் போகிறேனே தவிர, அவர் வெளியே வந்து என் முன்னால் நிற்பாரா என்பது தெரியாது. உள்ளே இருப்பவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், தெரியுமா? கட்டாயப்படுத்த மாட்டார்கள். உங்களுக்கு அப்படி ஆகாது. முதல் தடவை யாரும் வராமல் இருப்பதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. போன் விஷயம். அதை ஆரம்பத்திலேயே சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா. பிற்பாடு மாற்றுவது கஷ்டம்.

உள்ளே போன் இருக்கிறது. விரல் ரேகை வைத்தால்தான் வேலை செய்யும். இரண்டு நம்பர் பதிந்துவைக்கலாம். இரண்டும் சொந்தக்காரர்கள் நம்பராக இருக்க வேண்டும். நம்மைக் கூப்பிட்டு, இன்னார் உங்களுக்கு என்ன உறவு, பேச சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் பதிவார்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம். பத்து முடிந்தால் பாதி வார்த்தையில் இருந்தாலும் அதுவே கட்டாகிவிடும். காசு, நாம் அவர்கள் பேரில் கட்டிவைக்கிற பணத்திலிருந்து நிமிஷத்துக்கு நிமிஷம் போகும். அதே பணத்தில்தான் சோப்பு, எண்ணெய், சாயங்கால டீ எல்லாம். நாம் "அப்புறம்... அப்புறம்..." என்று இழுக்கிறோமே, அந்த ஒவ்வொரு அப்புறமும் அவர்கள் டீயில் கைவைக்கிற மாதிரி. முதல் மாதம் எனக்கு இது புரியவில்லை. புரிந்ததும் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டேன்.

நான் பி.காம். படித்தவள். கோவில்பட்டியில் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிறேன். ஒழுங்கு எனக்குப் பழக்கம்.

முதலில் அழுகையை நிறுத்தினேன். பத்து நிமிஷத்தில் நான்கு நிமிஷம் அழுகைக்கே போய்க்கொண்டிருந்தது. நான் அழுவேன், அவர் "அழாத செம்பகம், அழாத செம்பகம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்குமே அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. போனை வைத்த பிறகு அழுதுகொள்ளலாமே? அது நம்முடைய நேரம், அதற்குக் காசு கிடையாது.

அப்புறம் அலோவை நிறுத்தினேன். அவர் அலோ என்பார், நான் அலோ என்பேன், கேக்குதா என்பார், கேக்குது என்பேன், சாப்பிட்டியா, நீங்க சாப்பிட்டீங்களா. இதிலேயே ஒரு நிமிஷம் ஓடிவிடும். ஆகையால் நம்பர் போட்டேன். ஒன்று உடம்பு. இரண்டு சாப்பாடு. மூன்று தூக்கம். நான்கு, எதுவும் வேண்டுமா. கேள்வியே தேவையில்லை. போனை எடுத்ததும் அவர், "ஒண்ணு சரி, ரெண்டு சரி, மூணு சரி, நாலு வேணாம்" என்று சொல்லிவிட வேண்டும். நான், "இங்கயும் எல்லாம் சரி" என்பேன். வைத்துவிடலாம். நாற்பது நொடி. ஒரு நிமிஷத்துக்கு மேல் போகவே போகாது.

முதல் இரண்டு தடவை அவருக்குச் சிரிப்பு. "என்னடி, ரேஷன் கடை மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் பழகிவிட்டது. சொன்னால் கேட்கிற மனுஷர்.

சில நாள் நாலு வேணாம் என்று சொல்லிவிட்டு வைக்காமல் நிற்பார். மூச்சு கேட்கும். "செம்பகம், அன்னைக்கு..." என்று ஆரம்பிப்பார். "அடுத்த நிமிஷம் ஆரம்பிக்கப்போகுது, வைங்க" என்பேன். வைத்துவிடுவார்.

நேரில் வருவதையும் பொங்கலோடு நிறுத்திவிட்டேன். கடைக்கு ஒரு நாள் லீவு, போக வர பஸ், அங்கே போய் நாலு மணி நேரம் காத்திருப்பு. எல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இருபது நிமிஷம் பேசுவதற்கு. வீண்தானே? அவரிடம் சொன்னேன். "சரி" என்றார். இப்போது ஐப்பசி. ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அதனால் பிஸ்கட் விஷயம் இப்போது எப்படியோ, நிச்சயமாகச் சொல்ல முடியாது. என்ன மாறியிருக்கப் போகிறது?

நீங்கள் எதற்காக அவர் உள்ளே இருக்கிறார் என்று கேட்கவில்லை. அதுவே பெரிய மரியாதை. நானே சொல்கிறேன், சொல்லாவிட்டால் மீதி புரியாது.

அவர் குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். தீப்பெட்டி பண்டல் ஏற்றிப் போவார். ஒரு நாள் சாயங்காலம், வெயில் இறங்குகிற நேரம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டோரமாகப் போன ஒருத்தர் மேல் ஏற்றிவிட்டார். எட்வின் என்று பேர். மோட்டார் காயில் கட்டுகிறவர். அந்த இடத்திலேயே போய்விட்டார். இவர் ஓடவில்லை. அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தாராம். குடிக்கிற பழக்கம் கிடையாது. மேற்கே பார்த்து வந்தேன், வெயில் கண்ணைக் கூசிவிட்டது என்று கோர்ட்டில் சொன்னார். இரண்டு வருஷம் போட்டார்கள். அப்பீல் போனால் ஜாமீன் எடுத்துவிடலாம் என்று வக்கீல் சொன்னார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "இருந்துட்டு வாரேன்" என்றார். வெளியூருக்கு வேலைக்குப் போகிறவர் மாதிரி.

எனக்குக் குழந்தை இல்லை. மாமியார் மாமனார் இல்லை. அதனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அந்த வகையில் நிம்மதி. கடையில் நாள் முழுக்க "பில்லா, எஸ்டிமேட்டா?" இந்த இரண்டு வார்த்தைதான் என் பேச்சு. வீட்டுக்கு வந்தால் அதுவும் இல்லை. டிவியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவேன். உள்ளே இருந்து கேட்டால் வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

எங்கே விட்டேன்? ம், போன்.

சித்திரை மாதம் ஒரு நாள் பேசும்போது, "நாலு வேணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரைக்கும் நாலு வேணாம்தான். நான் கட்டிய பணம் ஆடி வரைக்கும் வர வேண்டும். வாரத்துக்கு நாற்பது நொடி பேசுகிறவருக்கு எப்படித் தீரும்?

"டீ நிறைய குடிக்கிறீங்களா?"

"இல்ல."

"வேற யாருக்கும் போன் பண்றீங்களா?"

"ஆமா."

மறைக்க மாட்டார் அக்கா. கேட்டால் சொல்லிவிடுவார். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார். அவ்வளவுதான்.

"யாருக்கு?"

"எட்வின் சம்சாரத்துக்கு."

நிமிஷம் ஓடுகிறது என்பது கூட மறந்துவிட்டது. "எதுக்கு?" என்றேன்.

"அவங்க பேசுவாங்க."

"என்ன பேசுவாங்க?"

"திட்டுவாங்க."

"நீங்க?"

"கேட்டுக்கிட்டிருப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"கட்டாகுற வரைக்கும்."

நீங்களே சொல்லுங்கள். காசு கொடுத்துத் திட்டு வாங்குகிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் இங்கே நொடி நொடியாக மிச்சம்பிடிக்கிறேன். அவர் அங்கே பத்துப் பத்து நிமிஷமாக, வாரத்துக்கு இரண்டு தடவை, அடுத்தவள் வாயால் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். உறவு என்று என்ன சொல்லிப் பதிந்தாராம் தெரியுமா? அக்கா என்று. அந்த அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தபோது அதுவும், ஆமா என் தம்பிதான் என்று சொல்லியிருக்கிறது.

நம்பர் தேடி நான் அலையவில்லை. நான் வேலைக்குப் போகிற வழியில்தான் அந்தக் கடை. பூட்டிக் கிடக்கிறது. "மோட்டார் காயில் கட்டப்படும், எட்வின்" என்று சுவரில் நீல எழுத்தில் இருக்கும், கீழே நம்பர். பஸ் அந்த இடத்துக்கு வந்தால் நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். திரும்பாமலே நம்பர் எனக்குப் பாடம். அந்த அம்மா புருஷன் போனைத்தான் வைத்திருக்கும் என்று ஒரு நினைப்பு.

ஒரு வியாழக்கிழமை, கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், மாடியில் அண்டாக்கள் அடுக்கியிருக்கிற ரூமில் நின்று போன் போட்டேன். எடுத்தது.

"நான் கோமதிநாயகம் சம்சாரம் பேசுறேன்" என்றேன். அவர் பேரை வாய்விட்டுச் சொன்னது கல்யாணத்துக்குப் பிறகு இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ.

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"யாரு? உளுந்து கேட்டவளா?"

அண்டாவைப் பிடித்துக்கொண்டேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் வண்டி ஓட்டும்போது போனில் பேசிக்கொண்டிருந்தது என்னோடுதான். தலைபோகிற காரியமா என்றால் ஒன்றுமில்லை. வரும்போது அரைக் கிலோ உளுந்து வாங்கி வாருங்கள் என்று சொன்னேன். தொலியா வெள்ளையா என்று கேட்டார். தொலி என்றேன். அன்றைக்கு என்னவோ எனக்குப் பேச்சு பிடித்துக்கொண்டது. கடையில் ஒருத்தி குடத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்துப் பார்த்ததை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். அப்போது பேச்சுக்கு ஏது காசு, மாசத்துக்கு ஒரு தடவை ரீசார்ஜ் போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். திடீரென்று ஏதோ சத்தம், லைன் போய்விட்டது. டவர் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் போய் அரிசியை ஊறப்போட்டேன்.

போலீஸ் என்னைக் கேட்கவில்லை. வக்கீல் கேட்கவில்லை. அவரும் கோர்ட்டில் சொல்லவில்லை. கேட்காததை நாமாக எதற்குச் சொல்வது? எங்கள் இரண்டு பேருக்குள்ளும் கூட அதைப் பற்றி ஒரு பேச்சு வந்தது கிடையாது. வருவதற்கு நேரம் எங்கே இருந்தது?

"என் பேரு செண்பகவல்லி" என்றேன் அந்த அம்மாவிடம்.

"இருந்துட்டுப் போகட்டும். என்ன வேணும் உனக்கு?"

"அவர் உங்களுக்குப் போன் பண்றாராமே..."

"பண்ணுதான். செவ்வாயும் வெள்ளியும். அதுக்கு என்ன இப்போ?"

"இல்ல, நிமிஷத்துக்குக் காசு போகுது. அதான்..."

சிரித்தது. நல்ல சிரிப்பு இல்லை. "போகட்டும்ட்டி. நல்லாப் போகட்டும். கோர்ட்ல என்னைய ஏத்தி என்ன கேட்டாவ தெரியுமா? செத்துப்போனவரு உங்க வீட்டுக்காரர்தானா? ஆமா. சரி, இறங்குங்க. அம்புட்டுதான். ஒரு வருசம் நடையா நடந்து நான் பேசினது ஒரே ஒரு ஆமா. மீதிய எங்க போய்க் கொட்ட? அவன் மன்னிச்சிருங்கன்னு ரெண்டு பக்கத்துக்குக் காயிதம் போட்டிருந்தான். வாசிக்கதுக்கெல்லாம் எனக்கு நேரம் கெடையாது, ஆம்பளன்னா போன்ல வால, நான் கேக்கதுக்குப் பதில் சொல்லுன்னு எழுதிப்போட்டேன். வந்தான். மொத நாளே சொல்லிட்டான், பொண்டாட்டிகூட உளுந்துபத்திப் பேசிட்டு வந்தேன், நீங்க யாருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்கிடுங்கன்னு."

"நீங்க சொல்லலையா?"

"சொல்லி? எட்வின் எந்திச்சு வருவானா?"

நான் வைக்கப் போனேன். அதுவாகவே, "பல்லு வீக்கம் வத்திருச்சாமா?" என்றது.

"எந்தப் பல்லு?"

"உனக்குத் தெரியாதா? கடவாப்பல்லு ரெண்டு புடுங்கிருக்காவல்லா. நாலு நாளா கஞ்சிதான் குடிக்கேன்னான் செவ்வாக்கெழம."

ஒன்று என்றால் உடம்பு அக்கா. அந்த வாரம் அவர் என்னிடம் ஒன்று சரி என்றுதான் சொல்லியிருந்தார். இரண்டும் சரி என்றார். தூக்கமும் சரியில்லையாம். உள்ளே அவருக்குப் பேக்கரியில் வேலையாம், ரொட்டி போடுகிறாராம், கையெல்லாம் சூட்டுக் காயமாம். எல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். ஜெபக்கனி என்று பேர்.

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் யோசித்துப் பார்த்தேன். கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு யோசித்தால் எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கிறது. அவர் பேச வேண்டிய தகவல் எல்லாம் அங்கே போகிறது. அந்த அம்மாவுக்கு நான் போன் போட்டால் எனக்குக் காசு கிடையாது, மாச பிளான். அப்படியிருக்க, ஒரே தகவலுக்கு இரண்டு இடத்தில் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

அடுத்த தடவை அவர் ஒண்ணு சரி என்று ஆரம்பித்ததுமே சொல்லிவிட்டேன். "இனிமே எனக்குப் பண்ண வேண்டாம். அங்க பேசுங்க, போதும். நான் அவங்ககிட்டக் கேட்டுக்கிறேன். ஞாயித்துக்கிழமை காலைல பத்தரைக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் குடுங்க, நல்லாருக்கீங்கன்னு வச்சுக்கிறேன்." நாம் எடுக்காவிட்டால் காசு பிடிக்க மாட்டார்கள். அதை நான் முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

"உனக்கு அது போதுமா?" என்றார்.

"எனக்கென்ன, போதும்" என்றேன்.

அதற்கு அப்புறம் என் பக்கத்துச் செலவு சுத்தமாக இல்லை. யாராலும் இதற்குக் கீழே குறைக்க முடியாது, நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு மணி அடிக்கும். போனை எதிரே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். எடுக்க மாட்டேன். ஒரு மணி அடித்ததும் அவர் வைத்துவிட வேண்டும் என்றுதான் பேச்சு. அவர் முழுசாக, தானாக நிற்கிற வரைக்கும் அடிக்க விடுவார். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். அவருக்கு மறதி ஜாஸ்தி.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கனி அக்காவுக்குப் போன் போடுவேன். ஆமாம், அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவரும் அப்படித்தானே பதிந்திருக்கிறார். அது முதலில் என்னையும் திட்டும். "ஒரு உளுந்துக்கு ஒரு ஆளக் கொன்னுட்டீங்களேட்டி" என்று ஆரம்பிக்கும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். தண்ணித்தொட்டி மோட்டார் ஓடவில்லை, ஊருக்கெல்லாம் மோட்டார் கட்டினவன் பொண்டாட்டி ஆள் தேடி அலைகிறேன் என்று திட்டும். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவளை டியூஷனுக்குக் கொண்டுவிட ஆளில்லை என்று திட்டும். அவரைத் திட்டியதையும் சொல்லும். "இன்னிக்கு அவன நல்லாக் கேட்டுட்டேன்" என்று. அதற்குப் பிறகு அவர் எப்படி இருக்கிறார், என்ன சொன்னார் என்று வரும். ஒரு தடவை, "குடத்தக் கவுத்தித் தலையில வச்சவ கதைய நீதான் சொன்னியாமே, அவன் சொன்னான்" என்றது. சொல்லிவிட்டு அதுவே சிரித்துவிட்டது. சிரித்ததற்காக மறுபடியும் என்னைத் திட்டியது.

முக்கால் மணி நேரம் போகும், சில நாள் ஒரு மணி நேரம். அவ்வளவு நேரம் என்னோடு யாரும் பேசி வருஷமாகிவிட்டது. திட்டுதான். இருந்தாலும் எனக்கென்று பேசுகிற பேச்சுதானே? சனிக்கிழமை டிவி போடுவதில்லை.

ஐந்து மாதம் இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால், சனிக்கிழமை, ஜெபக்கனி அக்கா திட்டவே இல்லை. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "உடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டேன்.

"இனிமே நான் அவன் போன எடுக்கப் போறதில்லட்டி."

"ஏன், எதுவும் சொல்லிட்டாரா?"

"அவன் என்னைக்கு வாயத் தொறந்தான் சொல்லுததுக்கு. நான்தான். நேத்து அடிக்கான், எடுக்கேன். எடுத்ததும் என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? கை எப்படியிருக்கு, மருந்து போட்டியா, மழையில நனஞ்சுக்கிட்டு நிக்காதன்னு வந்துச்சு. திட்டணும்னு வாயத் தொறக்கேன், ஒண்ணும் கெடைக்கல. எல்லாம் தீந்துபோச்சு. வச்சுட்டுத் திரும்பிப் பாக்கேன். எட்வின் படம் எதுக்கதான் இருக்கு. அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"என்னால முடியாதும்மா. திட்டுதது வரைக்கும் சரி. இது முடியாது. உன் புருசன், நீ பேசு." கூடவே, "நீயும் இனிமே எனக்குப் போடாத" என்று வைத்துவிட்டது.

நான் போட்டேன். மறுநாள் போட்டேன், அடுத்த நாள் போட்டேன். எடுக்கவில்லை. இப்போது போட்டால் மணியே அடிப்பதில்லை. என் நம்பரை நிறுத்திவைத்துவிட்டது போலிருக்கிறது.

அந்த ஞாயிறு மட்டும் பத்தரைக்கு மணி அடித்தது. அவருக்கு அப்போது தெரியாது. செவ்வாய்க்கிழமை அவர் அங்கே போட்டிருப்பார். எடுத்திருக்காது. வெள்ளிக்கிழமையும் போட்டிருப்பார். அதற்கடுத்த ஞாயிறு பத்தரைக்கு நான் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. சார்ஜ் இருக்கிறதா, டவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டம்மாவிடம் போய் என் நம்பருக்கு ஒரு போன் போடச் சொன்னேன். நன்றாகத்தான் அடித்தது. "என்னம்மா, அங்க மழை ஜாஸ்தியா?" என்று கேட்டது. தெரியலைங்க என்றேன். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. போன ஞாயிறும் இதே கதைதான்.

நான் அவரைக் கூப்பிட முடியாதே அக்கா. அந்தப் போனில் இங்கேயிருந்து கூப்பிட வழி கிடையாது. அவராக நினைத்தால்தான் உண்டு.

அதனால்தான் இன்றைக்கு லீவு போட்டேன். முதலாளி எதற்கு என்று கேட்டார். வீட்டுக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "மகாராஷ்டிராவுக்கா? ஒரு நாள் லீவிலயா?" என்றார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. இங்கேதான் சார், பக்கத்தில்தான் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இன்னேரம் கடையில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மனு கொடுத்தால் உள்ளே போய்ச் சொல்வார்கள், இன்னார் வந்திருக்கிறார்கள் என்று. வருவாரா? உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது? இல்லை, சும்மா கேட்கிறேன். வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அங்கேதான் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இருபது நிமிஷம் தருவார்கள். அதற்குக் காசு கிடையாது. இருபது நிமிஷம் முழுக்க நானும் அவரும் மட்டும் எதிரெதிரே நின்று பேச வேண்டும். நடுவில் ஜெபக்கனி அக்கா கிடையாது. நேற்றெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துப் பார்த்தேன். பி.காம். படித்தவள், எதையும் வரிசை போட்டு யோசிக்கிறவள், எனக்கு ஒரு வரி வரவில்லை. அன்னைக்கு என்று அவர் ஆரம்பிப்பாரே, அதை நானே ஆரம்பித்தால் என்ன என்று தோன்றுகிறது. ஆரம்பித்து? அதற்கு மேல் எப்படிப் போகும்?

ஆனால் பாருங்கள், கோவில்பட்டியில் ஏறினதிலிருந்து நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறேன். இப்படியெல்லாம் நான் பேசுகிறவளே இல்லை. உங்களைத் தொந்தரவு பண்ணிவிட்டேனா?

அதோ, அந்தப் புளியமரம் தாண்டினால் ஸ்டாப். வாளியைப் பார்த்து எடுங்கள், மூடி தளர்ந்திருக்கிறது. இறங்கி அஞ்சு நிமிஷம் நடக்க வேண்டும், அப்புறம் மனு எழுதுகிற வரிசை. அக்கா, ஒரு உதவி செய்வீர்களா? வரிசையில் என் பக்கத்திலேயே நில்லுங்கள். என் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வரைக்கும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருங்கள், எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. நான் இப்படியே பேசிக்கொண்டே உள்ளே போய்விட வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் மறுபடியும் ஆரம்பிக்க எனக்குத் தெரியாது.